செல்லி – சான்று தேவை

ஜூன் 14, வெள்ளி

இன்றிலிருந்து நடந்ததை நடந்தபடி மட்டும். அழகுக்காக எதையும் சேர்ப்பதில்லை. வெட்கமாக இருக்கிறது என்று எதையும் விடுவதில்லை. விக்கியில் வரிக்கு வரி சான்று கேட்கிறார்கள். இந்த நோட்டுக்கு நான் ஒருத்திதான் சான்று. அதனால்.

நல்ல வெயில், காற்று, தூசி. கொடியில் போட்ட வெள்ளை யூனிஃபார்ம் மாலைக்குள் சாம்பல் பூத்துவிட்டது. அம்மா மறுபடி அலசினாள். பிளஸ் ஒன் முதல் வாரம் முடிந்தது. இயற்பியல் புத்தகம் இன்னும் தரவில்லை. ஆனால் அதில் வீட்டுப்பாடம் உண்டு.

பின்னால் எனக்கே மறந்துபோகும், ஆகவே விவரம்: ‘பவழக் கணவாய்’ என்பது அம்மா கல்யாணமாகி நெய்வேலி வந்த புதிதில் ஒரு வார இதழில் வந்த தொடர்கதை. மலை, கடத்தல்காரர்கள், ஒரு ராணி, ஒரு பொய் வாரிசு. அந்த இதழ் நின்று பல வருடம் ஆகிறது. கதையைப் பிறகு சுருக்கி இரண்டு பாகப் புத்தகமாகப் போட்டார்கள். எங்களிடம் புத்தகம் இல்லை. எங்களிடம் இருப்பது அம்மா வாராவாரம் இதழிலிருந்து கிழித்துச் சேர்த்து, மெயின் பஜாரில் கொடுத்து பைண்டு பண்ணியது. சிவப்பு காலிகோ துணி அட்டை. கதைக்காக வாசகர்கள் சேர்ந்து ஒரு விக்கி நடத்துகிறார்கள். அதில் போன வருடத்திலிருந்து நானும் எழுதுகிறேன். அங்கே என் பெயர் சுரங்கத்தும்பி.

இன்று மாலை நிர்வாகியிடமிருந்து செய்தி. அவர் பெயர் கணவாய்க்காவலன். சேலத்தில் கல்லூரியில் படிக்கிறார் என்று நினைக்கிறேன்.

“செல்லி கட்டுரையில் நீங்கள் தந்த ‘பக். 212’ பார்த்தேன். முதல் பாகத்தில் அங்கே குதிரைச் சந்தை. இரண்டாம் பாகத்தில் ராணியின் சமையலறை. எங்கும் செல்லி இல்லையே?”

சிவப்பு பைண்டை எடுத்துப் பார்த்தேன். 212 இருக்கிறது. மூலையில். பென்சிலில்.

பைண்டு பண்ணி வந்த பிறகு அம்மா தானே ஒன்றிலிருந்து எண் போட்டிருக்கிறாள். உலகத்தில் வேறு யார் வீட்டுப் பிரதியிலும் அந்த 212 கிடையாது. ஒரு வருடமாக நான் கொடுத்த அடிக்குறிப்பு எல்லாமே எங்கள் வீட்டு அலமாரிக்குள் போய் நிற்கிறது.

சாப்பிடப் பிடிக்கவில்லை. சாப்பிட்டேன்.

ஜூன் 15, சனி

காலையிலிருந்து அடிக்குறிப்பு திருத்தம். கணினியில் எனக்கு ஒரு மணி நேரம்தான். அப்பா மதிய ஷிப்ட் போனதும் அம்மா கண்டுகொள்ளவில்லை, ஆகவே கூடவே ஆயிற்று.

விக்கியின் முறை (இனி மறக்கக் கூடாது):
– புத்தகம் என்றால் நூ., பிறகு பாகம், பக்கம்.
– தொடர் என்றால் தொ., பிறகு அத்தியாய எண், இதழ்த் தேதி.
– பக். வேண்டும், ப. வேண்டாம். (இதற்கு நடந்த சண்டை தனி.)
– சான்று இல்லாத வரிக்குப் பின்னால் ‘சான்று தேவை’ என்று சிறிய எழுத்தில். ஐந்து நாளில் சான்று வராவிட்டால் வரி போகும்.

அத்தியாய எண் தலைப்பிலேயே இருக்கிறது, நல்லவேளை. தேதிதான் இல்லை. இதழின் பெயரும் தேதியும் பக்கத்தின் அடியில் இருந்திருக்கும். பைண்டு கடைக்காரர் ஓரம் சமமாக வர மிஷினில் வெட்டியதில் எல்லாம் போய்விட்டது. சில இடத்தில் எழுத்தின் தலை மட்டும் தெரிகிறது. ‘ஜ’வா ‘ஐ’யா?

கண் எரிச்சல். முதுகு வலி. பாதிகூட முடியவில்லை.

ஜூன் 17, திங்கள்

கெமிஸ்ட்ரி லேப்பில் ஜோதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஏன்டி, வராத கதைக்கு, நின்னுபோன புக்குக்கு, சம்பளம் இல்லாம, கமா எங்க வைக்கிறதுன்னு சண்டை போட்டுக்கிட்டிருக்கீங்க. உங்களுக்கெல்லாம் வீட்ல வேலையே குடுக்க மாட்டாங்களா?”

“கமா இல்ல. முற்றுப்புள்ளி.”

“தெய்வமே.”

சிரித்தோம். மிஸ் திரும்பிப் பார்த்ததும் நான் மட்டும் மாட்டினேன்.

மாலை, காவலனின் அடுத்த செய்தி. புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை தேடிவிட்டாராம். செல்லி என்று யாருமே இல்லை. சுருக்கும்போது அவளை முழுதாக எடுத்திருக்கலாம், அல்லது அவள் எப்போதுமே இருந்ததில்லை. “தயவுசெய்து அந்தப் பக்கத்தின் படம் அனுப்புங்கள்.”

அவளைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். செல்லி படகுக்காரி. நாற்பத்தேழாம் அத்தியாயத்தில் மட்டும் வருகிறாள். தப்பி ஓடும் கதாநாயகன் இளமாறனை இரவில் ஆற்றைக் கடத்திவிடுகிறாள். திரும்பும்போது காவலர்கள் பிடித்து, அவன் எந்தப் பக்கம் போனான் என்று கேட்கிறார்கள். சொல்ல மாட்டேன் என்கிறாள். படகில் கோடரியால் ஓட்டை போடுகிறார்கள். அடுத்து, கதையிலேயே எனக்குப் பிடித்த இடம்:

“படகு மூழ்கியது. செல்லி நீந்திக் கரையேறினாள். சேலையைப் பிழிந்தாள். ‘படகு போனா என்ன, ஆறு இங்கதானே இருக்கு’ என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குள் நடந்தாள்.”

இதை நான் கட்டுரையில் போட்ட பிறகு விக்கியின் முதல் பக்கத்தில் இந்த வரியை வைத்தார்கள். அரளிப்பூ என்ற பயனர் (திருச்சி, வங்கி வேலை, எல்லாரிடமும் அன்பு) இதைத் தன் பெயருக்குக் கீழேயே போட்டிருக்கிறார். ‘செல்லி எங்கே போனாள்?’ என்று தனிப் பக்கம் உண்டு. ராணியின் தங்கையே செல்லி என்று ஒருவர் குடும்ப மரம் வரைந்து ஏற்றியிருக்கிறார். கதையில் எல்லாரும் செந்தமிழில் பேச, செல்லி மட்டும் பேச்சுத் தமிழில் பேசுவது ஆசிரியரின் துணிச்சல் என்று நான் ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். எல்லாரும் பாராட்டினார்கள்.

தமிழ்க் கட்டுரை, கணக்குப் பயிற்சி 1.2 இரண்டும் நாளைக்கு. பத்து மணிக்கு மேல் விழிக்க விட மாட்டார்கள். காலையில் பார்க்கலாம்.

ஜூன் 18, செவ்வாய்

பார்க்கவில்லை. கணக்கில் திட்டு.

அப்பாவின் போனில் நாற்பத்தேழாம் அத்தியாயத்தைப் படம் எடுத்தேன். முதல் பக்கம் அச்சு. இரண்டு, மூன்று அச்சு. நான்காவது கோடு போட்ட தாள். அம்மாவின் கையெழுத்து, நீல மை.

எனக்கு இது எப்போதும் தெரியும். இந்த பைண்டில் அப்படி ஐந்தாறு தாள் இருக்கின்றன. சின்ன வயதிலிருந்து பார்ப்பதால் விசித்திரமாகத் தோன்றியதே இல்லை. அப்போது பக்கத்து குவார்ட்டர்ஸில் சகுந்தலா ஆன்ட்டி இருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே இதழ். படித்து முடித்ததும் ‘பவழக் கணவாய்’ அம்மாவுக்கு, ஆன்ட்டிக்கு ஒரு குடும்பத் தொடர். சில வாரம் இந்தக் கதையின் கடைசிப் பக்கத்துக்குப் பின்புறமே அந்தக் கதை ஆரம்பிக்கும். ஒரு தாளை இரண்டு பேர் எப்படிக் கிழிப்பது? சீட்டுப் போட்டுப் பார்ப்பார்களாம். தோற்றவர் கையால் எழுதிக்கொள்ள வேண்டும்.

நான்கு படத்தையும் அனுப்பினேன். விளக்கமும் எழுதினேன்.

சேலத்தில் கரண்ட் இல்லையாம், பதில் வர நேரமாயிற்று. (“உங்களுக்கென்ன, நெய்வேலி!” என்று அங்கே எல்லாரும் என்னைச் சொல்வார்கள். இங்கே கரண்ட் போகாததற்கு நான்தான் பொறுப்பு போல.)

பதில்: “முதல் மூன்று பக்கத்துக்கு நன்றி. செல்லி தொடரில் இருந்தாள் என்பது உறுதி. ஆனால் முக்கியமான பகுதி கையெழுத்தில் இருக்கிறது. யார் எழுதியது?”

“அம்மா.”

“கையால் பெயர்த்தெழுதியதைச் சான்றாக ஏற்கும் விதி நம்மிடம் இல்லை. ஞாயிறு வரை அவகாசம். கோபிக்க வேண்டாம்.”

அவர் மரியாதையாகத்தான் எழுதினார். கீழே இன்னொருவர்: “அடுத்து அவங்க சித்தப்பா எழுதின அத்தியாயமும் வரும், காத்திருங்கள்.” அதற்குக் கீழே வேறொருவர்: “சுரங்கத்தும்பி நல்லாவே கதை கட்டுறாங்க. எழுத்தாளர் ஆகலாம்.”

செல்லியின் வரிக்குப் பின்னால் இப்போது ‘சான்று தேவை’. சின்ன எழுத்துதான். ஆனால் கண் அங்கேயே போகிறது.

நான் எதையும் கட்டவில்லை.

ஜூன் 20, வியாழன்

அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

“அம்மா, அந்த எழுதி வச்ச பக்கமெல்லாம் பாத்து எழுதுனதுதான?”

“பின்ன, கண்ண மூடிக்கிட்டா எழுதுவாங்க?”

“ஒரு வார்த்தகூட மாத்தலையே?”

“அன்னைக்கி அடுப்புல பால வச்சிட்டு எழுதுனேன். உன்ன மாதிரி கோர்ட்டு கேசு நடக்கும்னா கண்டேன்? தட்ட எடு.”

ஆன்ட்டியின் பைண்டு இப்போது எங்கே என்று கேட்டேன். அங்கிள் ரிட்டயர் ஆனதும் அவர்கள் வடலூரில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இந்த வாரம் சனிக்கிழமை அப்பாவுக்கு வீக்லி ஆஃப்.

அப்பா: “ஒரு பக்கத்துக்காகவா வடலூர்?”

அம்மா: “நான் வரல. தையல் கெடக்கு. ஜாக்கெட் நாலு இருக்கு.”

எப்போதும் ஆன்ட்டி வீடு என்றால் முதலில் கிளம்புகிறவள்.

தலைவலி. இயற்பியல் புத்தகம் வந்துவிட்டது. மிகப் பெரியது.

ஜூன் 22, சனி

பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. வடலூர் போய்ச் சேர்வதற்குள் அப்பாவின் சட்டை முதுகு நனைந்துவிட்டது. இறங்கியதும் எனக்கு மட்டும் கரும்பு ஜூஸ் வாங்கித் தந்தார்.

சகுந்தலா ஆன்ட்டி கதவைத் திறந்ததும்:

“யாரு, மீனாவா? இன்னாடி இப்பிடி வளந்துட்ட! வாங்கண்ணே. அம்மா எங்க? அவ வரலையா? வூடு தெரியாதாமா அவளுக்கு? பிளாக்குல இருந்தப்ப நாளுக்கு நாலு தபா வந்துகினு இருப்பா!”

விஷயத்தைச் சொன்னேன். ஆன்ட்டிக்கு விக்கி என்றால் என்ன என்று புரியவில்லை. பைண்டு என்றதும் புரிந்தது. பரண்மேல் இருந்ததை அங்கிள் ஸ்டூல் போட்டு இறக்கிக் கொடுத்தார். ஆன்ட்டி பைண்டு கடைக்குக் கொடுக்கவில்லை. தானே கோணி ஊசியால் தைத்திருக்கிறார்கள். அதனால் ஓரம் வெட்டுப்படவில்லை. ஒவ்வொரு தாளின் அடியிலும் இதழின் பெயர், தேதி, மாதம், வருடம். இவ்வளவு தேதியை ஒரே இடத்தில் பார்த்து எவ்வளவு நாள் ஆகிறது.

“உங்கம்மாளும் நானும் இதுக்குப் போட்ட சண்டை இருக்குதே. அந்தத் தபா சீட்டுல நான்தான் கெலிச்சேன். மொறச்சிகினே எழுதிகினு போனா.”

ஆன்ட்டியின் தொடர் புதிதாக ஆரம்பிக்கும் பக்கம். திருப்பினேன். பின்புறம் ‘பவழக் கணவாய்’, நாற்பத்தேழின் கடைசிப் பக்கம்.

முதல் பத்தி அம்மா எழுதியது போலவே. இரண்டாவதும். கோடரி, ஓட்டை, தண்ணீர் ஏறுவது, எல்லாம் ஒரு சொல் பிசகாமல். பிறகு:

“படகு மூழ்கியது. செல்லியும்.

அக்கரையில் இளமாறன் திரும்பிப் பார்க்கவில்லை. தொடரும்.”

மறுபடி படித்தேன். தாளைத் திருப்பி, வேறு எங்காவது மிச்சம் இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். ஆன்ட்டியின் கதையில் ஒரு மாமியார் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

“கெடச்சுதா கண்ணு?”

“கெடச்சுது ஆன்ட்டி.”

படம் எடுத்தேன். ஆன்ட்டி பலாச்சுளை கட்டிக் கொடுத்தார்கள். காடாம்புலியூரில் அவர்கள் தம்பி தோப்பில் காய்த்தது. திரும்பும்போது அப்பா, “என்ன, வேலை முடிஞ்சுதா?” என்றார். “ம்” என்றேன். பஸ் முழுக்கப் பலாப்பழ வாசனை.

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஆகவே இதையும். பஸ்ஸில் வரும்போது அந்தப் படத்தை அழித்துவிடலாம் என்று நினைத்தேன். பக்கம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டால் போதும். கட்டுரை போகும். ஆனால் அரளிப்பூ மாதிரிச் சிலர் செல்லி கரையேறினாள் என்றே நம்பிக்கொண்டிருப்பார்கள். கதை கட்டினேன் என்று சொன்னவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டே வந்தேன். அழிக்கவில்லை.

வீட்டில் அம்மா சுளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சகுந்தலா எப்படி இருக்கா என்று மட்டும் கேட்டாள். பக்கத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.

ஜூன் 23, ஞாயிறு

அம்மா தையல் மிஷினில் இருந்தாள். போனை அவள் முன்னால் நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தாள். நேரம் எடுத்தாள். ஒரு வரிதானே.

“மாத்திட்டியாம்மா?”

“ஆமா.”

“ஏன்?”

“பின்ன என்னத்தா? படகு ஓட்டுறவளுக்கு நீச்சல் தெரியாதா? அறிவு வேணாம் அந்த ஆளுக்கு? ஊரையெல்லாம் கரை சேத்துவிடுறவ, முழங்கால் தண்ணியில முழுகிச் செத்தாளாம். அதையும் ‘செல்லியும்’னு ஒத்த வார்த்தையில. அவளுக்கு ஒரு முழு வரி குடுக்கக்கூட மனசில்ல.”

“முழங்கால் தண்ணின்னு இல்லம்மா. ஆழம்னு இருக்கு.”

“நீ அவன் கட்சி.”

பிறகு மிஷினை ஓட்டிக்கொண்டே சொன்னாள். இதழுக்குக் கடிதம் எழுதினாளாம், செல்லிக்கு நீச்சல் தெரிந்திருக்கும், அடுத்த வாரம் திருத்தவும் என்று. போடவில்லை. மறுபடியும் எழுதினாளாம். போடவில்லை. “சரி, அவன் திருத்தலன்னா போறான், என் புஸ்தகத்துல நான் திருத்திக்கிறேன்னு எழுதிட்டேன். என் வீட்டு அலமாரியில இருக்குறது. நீ அத உலகத்துக்கே தூக்கிக் காட்டுவேன்னு யாருக்குத் தெரியும்?”

அன்றைக்குக் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்றேன்.

“உனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்திச்சு.”

சட்டைக் கை ஒன்றை முழுதாக அடித்து முடித்துவிட்டு அவளே கேட்டாள், “இப்ப என்ன பண்ணணும்?”

“எடுக்கணும்மா. இன்னைக்குள்ள.”

“எடுத்துடு.” நூலைப் பல்லால் கடித்தாள். “ஆனா தப்பு பண்ணது அந்த ஆளுதான்.”

மாலை செய்தவை:
– ஆன்ட்டி வீட்டுப் பக்கத்தின் படம் ஏற்றியது.
– செல்லி கட்டுரை, கடைசிப் பத்தி நீக்கம். பதிலுக்கு: ‘படகு மூழ்கும்போது செல்லியும் இறக்கிறாள்.’ பின்னால் தொ. 47, தேதியோடு. ‘சான்று தேவை’ எடுத்தாயிற்று.
– பேச்சுத் தமிழ், ஆசிரியரின் துணிச்சல்: நீக்கம்.
– முதல் பக்கத்து வரி: நீக்கம்.
– ‘செல்லி எங்கே போனாள்?’ பக்கத்தை நீக்கும்படி விண்ணப்பம். காரணம் என்ற கட்டத்தில் ‘எங்கும் போகவில்லை’ என்று எழுதி, அழித்து, ‘மூலத்தில் இறந்துவிடுகிறாள்’ என்று எழுதினேன்.

அச்சாகி வந்ததை நான் எடுக்கவில்லை. அம்மா எழுதியதைத்தான் எடுத்தேன். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் களைப்பாக இருக்கிறது, வீடு முழுக்கத் துடைத்தது போல.

ஜூன் 24, திங்கள்

காற்று அடங்கியது. புழுக்கம். இயற்பியல் டெஸ்ட், சுமார்.

ஜோதியிடம் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். “உங்கம்மா சொன்னது சரிதான்டி” என்றாள்.

காவலனிடமிருந்து நீண்ட செய்தி. இவ்வளவு முழுமையான சான்று விக்கியில் இதுவரை யாரும் தந்ததில்லை, தேதியும் பக்கமும் படமும் சேர்ந்து. இனி எல்லாருக்கும் இதையே மாதிரியாகக் காட்டப்போகிறாராம். கதை கட்டுவதாகச் சொன்னவர் மன்னிப்பு என்று ஒரு சொல் போட்டிருந்தார். சந்தோஷம் வர வேண்டும். சோம்பலாக இருந்தது.

அரளிப்பூ: “நல்ல வேலை செய்தாய் தும்பி. ஆனால் எனக்கு அழுகை வந்தது. அந்த வரி யாருடையது? தெரிந்தால் சொல். பெயருக்குக் கீழே நான் அதை எடுக்கப்போவதில்லை. எழுதியவர் பெயரோடு போட்டுக்கொள்கிறேன்.”

அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

“யாரு இவங்க?”

“திருச்சியில பேங்க்ல வேலை.”

“வேலை இருக்குற பொம்பளதான? வேற சோலி இல்லையாமா?” என்றாள். பாத்திரம் துலக்கப் போய்விட்டாள். பிறகு ஈரக் கையோடு வாசல்படி வரை வந்து, “பேரு கீரு வேணாம். ஒரு வாசகின்னு போடச் சொல்லு” என்றாள். திரும்பிப் போனவள் மறுபடி வந்தாள். “நெய்வேலின்னும் போடச் சொல்லு.”

அனுப்பிவிட்டேன். எதற்குப் பின்னால் எது, புள்ளியா கமாவா என்று அரளிப்பூ கேட்டார். எப்படி வேண்டுமானாலும் என்று எழுதினேன்.

சாப்பாடு ஆனது. அப்பாவுக்கு நாளை முதல் ஷிப்ட், படுத்துவிட்டார். அம்மா ஹாலில் சிவப்பு பைண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் இந்தப் பக்கம். அவள் தாள் திருப்பும் சத்தம் மட்டும். நீல மைத் தாளைக் கிழிக்கப்போகிறாளோ என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கிழிக்கவில்லை. படிக்கிறாள்.

“இன்னும் என்ன ரெண்டு பேரும்? விடிஞ்சா ஷிப்ட்டு.” அப்பா.

“இதோ, ஆத்தக் கடந்துட்டா வந்துர்றேன்.” அம்மா.

அப்பா எழுந்து வந்து விளக்கை அணைத்துவிட்டார். இந்த வரி இருட்டில்.